நடுப்பூ

அடுப்புக்குள் பிளாஸ்டிக் நெளிவதைப் பார்க்கச் சவேட்டாவுக்குப் பிடிக்காது. ஈஸ்டருக்கு இனிப்பு ரொட்டி பொங்கி எழுகிற அடுப்பு அது. அதற்குள் கேக் பெட்டியின் பிளாஸ்டிக் மூடிகளில் படம் வரைந்து, வெட்டிப் போட்டுவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு நேரே குந்தி உட்கார்ந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள் மருமகள் தோயினா. சூடு ஏறியதும் ஒவ்வொன்றும் மல்லாந்த கரப்பான்பூச்சி மாதிரி மடங்கிச் சுருளும். வீணாய்ப் போச்சு என்று நினைக்கும்போதே தானாக விரிந்து படுத்துக்கொள்ளும். உள்ளங்கை அகலத்தில் போனது இரண்டு விரல் அகலத்தில் வெளியே வரும். காகிதம் மாதிரி போனது சட்டைப் பொத்தான் போலக் கனத்திருக்கும். வரைந்த கோடுகள் நெருங்கி, நிறம் ஏறி, யாரோ சாமர்த்தியசாலி செய்த நகை மாதிரி இருக்கும்.

"எப்படி இருக்கு அத்த?"

"தின்ன முடியாத பண்டம் எப்படி இருந்தா என்ன? ஜன்னலத் தெற, நாறுது."

மாமியார் மருமகள் பேச்சு போன வருஷம் வரைக்கும் இந்த அளவில்தான் இருந்தது. ஆறு கடலில் சேருகிற சுலினா ஊரில், மார்ச் முதல் தேதியன்று பெண் என்று இருக்கிற யாரும் மார்பில் மர்ட்சிஷோர் இல்லாமல் தெருவில் இறங்குவதில்லை. சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கிய நூல், அதில் தொங்குகிற ஒரு சின்னப் பதக்கம், அவ்வளவுதான். குளிர் தொலைந்தது என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்கிற வழி அது. துல்ச்சா நகரத்திலிருந்து ஆற்றுப் படகில் வந்து இறங்குகிற கடைச்சரக்கைவிடத் தோயினாவின் கைச்சரக்குக்கு ஊரில் மவுசு. இந்தத் தடவை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் டீச்சர்கள் மார்பில் குத்திவிடுவதற்கும் அவளிடம்தான் சொல்லியிருந்தார்கள். மூடியை உப்புத்தாளால் தேய்த்து, கலர் பென்சிலால் மூன்று பனிப்பூ வரைவாள். பனியைக் கிழித்துக்கொண்டு முதலில் எட்டிப் பார்க்கிற, தலை குனிந்த வெள்ளைப் பூ. மூன்றில் நடுப்பூ மட்டும் கொஞ்சம் உயரமாக நிற்கும்.

இந்த வருஷமும் அடுப்பு எரிந்தது. ஆனால் கேலிப் பேச்சு இல்லை. தோயினாவின் புருஷன், சவேட்டாவின் ஒரே மகன் ரெலு, கடலில் இருந்தான்.

போனது டெரென்டேயின் மீன்படகில். கால்கான் என்கிற பெரிய தட்டைமீனுக்குப் போட்ட வலையை எடுக்க, டெரென்டேயும் ரெலுவும் அடுத்த வீட்டு இக்நாத்தும் விடிகாலையில் போனார்கள். போகும்போது கடல் எண்ணெய் விட்ட மாதிரிக் கிடந்தது. மத்தியானத்துக்குள் வடகிழக்குக் காற்று திரும்பிவிட்டது. பின்னாலேயே பனிமூட்டம். அன்று சாயங்காலம் வரவேண்டியவர்கள் மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் மூட்டம் விலகவில்லை. துறைமுக ஆபீசில் கேட்டால், "தேடுறோம், மூட்டம் விலகட்டும்" என்றார்கள். மூட்டமாக இருப்பதால்தானே தேடச் சொல்கிறோம் என்று தோயினா சத்தம் போட்டுவிட்டு வந்தாள். வந்தவள் அடுப்பைப் பற்றவைத்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இக்நாத்தின் பெண்டாட்டி ஃபெனியா காலையிலேயே மீன் சூப்புச் சட்டியோடு வந்துவிட்டாள். அவள் லிப்போவான் என்கிற, ஆண்கள் தாடியே மழிக்காத கூட்டத்துப் பெண். வேறு கோயில், வேறு பாஷை. இருந்தாலும் பதினைந்து வருஷமாக வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உப்பும் மாவும் கைமாறிய வீடுகள். சவேட்டாவை அவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"ஒரு வாய் குடிக்கா. வெறும் வயித்துல எத்தன நேரம் நிப்ப?"

"நீ குடிச்சியா?"

"எனக்கு எறங்கல."

"எனக்கு மட்டும் தொண்டைக்குப் பதிலா கால்வாயா வெட்டி வச்சிருக்கு?"

சட்டி மேசையில் அப்படியே ஆறியது. மேலே ஆடை கட்டிவிட்டது.

தோயினா கம்பளித் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு மறுபடியும் துறைமுகத்துக்குக் கிளம்பினாள். மேசை முழுக்க வரைந்து வெட்டிய துண்டுகள் பரப்பிக் கிடந்தன. "ஓட்ட மட்டுந்தான் போடணும் அத்த. நான் வந்து பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுப்பில் வைப்பதற்கு முன்பே ஓட்டை போட்டுவிட வேண்டும். வெந்த பிறகு ஆணி வைத்து அடித்தாலும் இறங்காது, உடைந்துவிடும்.

அவள் போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஃபெனியா கையைப் பிசைய ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்கு ஏதாவது வேல குடுக்கா. கை சும்மா இருந்தா புத்தி எங்கெங்கயோ போவுது."

"வேற என்ன வேல இருக்கு? இந்தா, இந்தச் சனியனுக்கு ஓட்ட போடு. அவ வந்து ஒண்ணொண்ணா மெனக்கெட வேண்டாம்ல. அவளும் எத்தனையத்தான் பாப்பா?"

"எங்க போடணும்?"

சவேட்டா ஒரு துண்டை எடுத்து நூலில் தொங்குகிற மாதிரி இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். பெரிதாக யோசிக்கவில்லை. "நடு உச்சியில போடு. அப்பத்தான் கோணாம தொங்கும்."

பஞ்சிங் மிஷினை ஃபெனியா இழுத்துப் போட்டுக்கொண்டாள். டக், டக் என்று அது கடிக்க ஆரம்பித்தது. மங்கிய பிளாஸ்டிக்கில் வெள்ளைப் பென்சில் கோடு. வெளியே வெளிச்சமும் இல்லை. வட்டவட்டமாகத் துணுக்குகள் அவள் பாவாடையில் விழுந்துகொண்டிருந்தன.

வேலை கையில் வந்ததும் வாயும் திறந்துகொண்டது.

"போற அன்னிக்குச் சண்ட போட்டேங்கா. தாடிய வெட்டுன்னேன். சூப்பு குடிச்சா பாதி அதுலதான் நிக்கிது. எங்கப்பன் தாடி, எங்க தாத்தன் தாடின்னு ஆரம்பிச்சிட்டாரு. போய்த் தொலைன்னு சொன்னேன். அந்த வார்த்தையா வாயில வரணும்?"

"எல்லாரும் சொல்றதுதான். நான் எம்மவன், அந்த மூதியத் துடைப்பக்கட்டையால அடிக்காத நாளுண்டா? ஆம்பளைங்க நம்ம வாய்க்குச் செத்தா ஊர்ல ஒருத்தன் மிஞ்ச மாட்டான்."

"எல்லாம் அந்த டெரென்டேயாலதான்."

"அவனச் சொல்லு!" சவேட்டாவுக்குக் குரல் ஏறியது. "பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல, அழறதுக்கு ஒரு நாய்கூட இல்ல. அவனுக்குக் கடலும் ஒண்ணு, கரையும் ஒண்ணு. ஊரான் வீட்டு ஆம்பளையெல்லாம் எதுக்கு இழுத்துக்கிட்டுப் போறான், சவத்துப் பய? மேகத்தப் பாத்தா தெரியாது? நாப்பது வருஷம் கடல்ல என்னத்தப் புடுங்குனான்?"

"அவரு எக்கேடு கெட்டா நமக்கென்ன. நம்ம ஆளுக வந்தாப் போதும்."

"அதச் சொல்லு."

ஒரு தட்டு நிறைந்தது. பேக்கிங் பேப்பரில் அடுக்கிச் சவேட்டாவே அடுப்பில் வைத்தாள். மருமகள் உட்கார்கிற இடத்தில் முழங்கால் வலிக்கக் குந்தி உட்கார்ந்து, சுருண்டு விரிந்து அடங்குகிற வரைக்கும் பார்த்தாள். வெளியே எடுத்து, மருமகள் செய்வது போலவே இரும்புச் சட்டியின் அடியால் சூட்டோடு அமுக்கினாள். தான் ஒரு வேலையை முடித்து வைத்திருப்பதைப் பார்த்தால் அந்தப் பெண் கொஞ்சம் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தாள்.

ஆறினதும் ஒன்றை எடுத்து ஜன்னலுக்குக் கொண்டு போனாள். திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். அப்புறம் இன்னொன்று.

எல்லாவற்றிலும் இரண்டு பூதான் இருந்தது. நடுப்பூ இருந்த இடத்தில் ஓட்டை. அதன் காம்பு மட்டும் பச்சையாக மேலே ஏறிவந்து, ஒன்றுமில்லாத வட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

உயிரோடு இருக்கிறவர்களுக்குக் கொடுக்கிற பூ ஒற்றைப்படை, சவப்பெட்டிக்கு வைக்கிற பூ இரட்டைப்படை. இது சுலினாவில் பேச்சு வராத குழந்தைக்கும் தெரியும். மார்க்கெட்டில் பூக்காரி கேட்கிற முதல் கேள்வியே நல்லதுக்கா, மற்றதுக்கா என்பதுதான். தெரியாமல் இரண்டு பூவை நீட்டிய மாப்பிள்ளையைக் கதவுக்கு வெளியே நிறுத்திய வீடுகள் உண்டு.

"ஃபெனியா," என்றாள் சவேட்டா. "என்ன பண்ணி வச்சிருக்க?"

ஃபெனியா எழுந்து வந்து பார்த்தாள். பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள். மேசைக்கு ஓடி, இன்னும் வேகாத துண்டுகளை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். கடைசித் துண்டு வரைக்கும் நடுப்பூவைப் பஞ்சிங் மிஷின் தின்றிருந்தது.

"நடு உச்சியில போடச் சொன்னியேக்கா."

"பூ இருக்கிறது கண்ணுக்குத் தெரியாது? கண்ணா, பொத்தானா?"

"நீதான சொன்ன!"

"கெணத்துல குதின்னா குதிப்பியா? புருஷன் கடல்ல கெடக்கான், எம்மவன் கடல்ல கெடக்கான், இந்த நேரத்துல எம் வீட்டுல உக்காந்துக்கிட்டு, எம் மேசமேல, உங்கையால..."

அந்த நேரத்தில் தோயினா உள்ளே வந்தாள். கண்ணிமையெல்லாம் பனி. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஒண்ணும் இல்ல," என்றாள் அவள். "ரேடியோவுல கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. பதில் இல்ல." அப்புறம்தான் தட்டைப் பார்த்தாள். "ஐயோ, எல நுனியில போடணும் அத்த. அதுக்குத்தான் எலைய அகலமா விட்டிருக்கேன்." ஒன்றைக் கையில் எடுத்தாள். அவள் உதடு அசைந்ததைச் சவேட்டா பார்த்தாள். அவளும் எண்ணுகிறாள்.

சவேட்டா வெந்த தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கோழிக்கூட்டுக்குப் பின்னால் பனியில் கொட்டினாள். திரும்பி வந்து கத்திரிக்கோலை எடுத்தாள். மீன் டப்பாத் தொழிற்சாலை மூடுகிற வரைக்கும் அதில் மீன் அறுத்தவள் அவள். கத்தி, கத்திரி எது கைக்கு வந்தாலும் யோசிக்காமல் வேலை செய்யும் கை. வேகாத துண்டு ஒன்றை எடுத்து, இரண்டு பூவில் ஒன்றைக் காம்போடு வெட்டி எறிந்தாள். ஒற்றைப் பூ மிஞ்சியது. அடுத்த துண்டு.

"என்ன பண்றீங்க அத்த?"

"ஒண்ணு ஒத்தப்படதான? ஒத்தப்படன்னா உசிரோட இருக்கிறது. இரட்டைய இந்த வீட்டுல வச்சிருக்க மாட்டேன்."

"வெறும் பிளாஸ்டிக்கு அத்த."

"வெறும் பிளாஸ்டிக்குன்னா நீ ஏன் எண்ணுன?"

கத்திரி போய்க்கொண்டே இருந்தது. வெட்டுப்பட்ட பூக்கள் மேசை ஓரத்தில் குவிந்தன. அப்போதுதான் ஃபெனியா கேட்டாள். குரல் மெதுவாகத்தான் இருந்தது.

"படகுல எத்தன பேருக்கா?"

சவேட்டா நிமிராமல் வெட்டினாள். ஃபெனியாவே எண்ணிச் சொன்னாள்.

"மூணு பேரு. மூணு பூ. ஒண்ண நான் கண்ணு தெரியாம எடுத்துட்டேன். சரி, எம் பாவம். இப்ப நீ கண்ண நல்லாத் தெறந்து வச்சுக்கிட்டு இன்னொண்ண வெட்டுற. மிஞ்சுற அந்த ஒண்ணு யாரு?"

தோயினா கையை வாயில் வைத்துக்கொண்டாள். சவேட்டாவின் கத்திரி ஒரு விநாடி நின்றது. அந்த ஒரு விநாடியில் அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம். போடி பைத்தியக்காரி என்று திட்டியிருந்தால்கூடப் போதும். ஆனால் அவள் மனதில் ஒரே ஒரு முகம்தான் இருந்தது, அது அவள் பெற்ற முகம். பொய் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த துண்டை எடுத்து வெட்டினாள்.

ஃபெனியா பாவாடையில் கிடந்த துணுக்குகளைத் தட்டிவிட்டு, கதவைச் சாத்தாமல் போனாள். சூப்புச் சட்டியை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தோயினா ஒற்றைப் பூக்களைத் தட்டில் அடுக்கினாள். வேறு மூடி இல்லை. பள்ளிக்கூடத்துக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. அடுப்பு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்தக்கா கேட்டது தப்பு அத்த," என்றாள் தோயினா. "நீங்க அப்படி நெனைக்கல."

"நெனச்சேன்," என்றாள் சவேட்டா.

மறுநாள் காற்று விழுந்தது. மூட்டம் கிழிந்து, ஆற்றின் அக்கரை நாணல் தெரிய ஆரம்பித்த நேரத்தில் துறைமுக ஆபீஸ் ஆள் ஒருவன் சைக்கிளை மிதித்துக்கொண்டு தெருவில் வந்தான். அவன் எந்த வீட்டுக்கு முன்னால் இறங்கப் போகிறான் என்று தெரு முழுக்க ஜன்னலில் நின்றது. அவன் சவேட்டா வீட்டு வேலிக்கும் ஃபெனியா வீட்டு வேலிக்கும் நடுவில் இறங்கி, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்துக் கத்தினான். "மூணு பேரும்! மூணு பேரும் உசிரோட! சரக்குக் கப்பல் தூக்கிருச்சு! கான்ஸ்டான்ட்சா துறைமுகத்துல எறக்கிட்டாங்க!"

சவேட்டா பனியில் முழங்காலிட்டு அழுதாள். அழுதபடியே வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். ஃபெனியாவும் அழுதுகொண்டிருந்தாள், முதுகைத் திருப்பிக்கொண்டு.

தரைவழியாகத் துல்ச்சா வரைக்கும் வந்து, அங்கிருந்து பயணப் படகில் மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். ரெலு மெலிந்து, காது கறுத்து, யாரோ கொடுத்த பெரிய கோட்டுக்குள் தொலைந்துபோயிருந்தான். அம்மாவையும் பெண்டாட்டியையும் ஒரே கையால் கட்டிக்கொண்டான். இன்னொரு கை இக்நாத்தின் தோளில் இருந்தது.

"ஒரு அல என்ன வெளிய தூக்கி எறிஞ்சிருச்சும்மா. இந்த ஆளுதான் தலமயிரப் புடிச்சு உள்ள இழுத்தாரு. பாரு, இங்க ஒரு கொத்து காணோம்."

"கெடைச்சத புடிச்சேன்," என்றார் இக்நாத். "தாடி இருந்திருந்தா சுளுவா இருந்திருக்கும். வளக்கச் சொன்னாக் கேக்குறானா?"

துறையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சவேட்டா இக்நாத்தின் கையைப் பிடித்து முத்தமிட்டாள். நிமிர்ந்தபோது எதிரே ஃபெனியா நின்றாள். புருஷனின் தாடியில் கை வைத்தபடி, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"உன் கத்திரி பொய் சொல்லிருச்சு, சவேட்டா."

அக்கா என்கிற வார்த்தை இல்லாமல் அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மார்ச் முதல் தேதி விடிந்தது. தோயினாவின் ஒற்றைப் பூவுக்கு அந்த வருஷம் இருந்த கிராக்கி முன்னே இருந்ததில்லை. எத்தனை அழகு, எத்தனை எளிமை என்று டீச்சர்கள் எல்லாம் மெச்சினார்கள். மேலே ஓட்டையில் சிவப்பு வெள்ளை நூல், கீழே குனிந்த ஒரே ஒரு பூ. சவேட்டா ரொட்டி வாங்கப் போனால் தபால்காரி மார்பில் அது. மருந்துக்கடைக்காரி மார்பில் அது. பள்ளிக்கூடம் போகிற சின்னப் பெண்கள் மார்பிலெல்லாம் அது. அவள் வெட்டின பூ ஊர் முழுக்க நடமாடியது. மாதம் முடிகிற வரைக்கும் யாரும் கழற்ற மாட்டார்கள். காலையில் ரெலு ஒன்றை அவளுக்கும் குத்திவிட்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்திருந்தான். வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் இருக்கிறது? கம்பளித் துண்டை இழுத்து அதை மூடிக்கொண்டாள். வெட்கமாக இருந்தது.

ரொட்டிக்கடை வரிசையில் அவளுக்கு முன்னால் ஃபெனியா நின்றாள். அவள் கோட்டிலும் ஒற்றைப் பூ.

"அவரு வாங்கிட்டு வந்தாரு," என்றாள் ஃபெனியா, திரும்பாமலே. "உன் மருமககிட்டத்தான். ஒண்ணும் தெரியாத மனுஷன்."

"கழட்டிப் போட்டுரு ஃபெனியா. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு ஒனக்குத் தெரியும். எம்மவன் மட்டும் வந்தாப் போதும்னு நெனச்சேன். அவன் தலைய உம் புருஷன் கையில வச்சிருந்த நேரத்துல நான் இப்படி நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன். எனக்கு ஒம் மொகத்துல முழிக்க முடியல."

வரிசை ஒரு அடி நகர்ந்தது. ஃபெனியாவும் நகர்ந்தாள்.

"உங்கையில கத்திரி இருந்துச்சு," என்றாள். "அதனால நாங்கல்லாம் பாத்தோம். அன்னிக்கு ஒங்க வீட்டுலேருந்து நேரா எங்க கோயிலுக்குப் போனேன். எங்கையில என்ன இருந்துச்சுன்னு யாரு பாத்தா?"

"என்ன இருந்துச்சு?"

"மெழுகுவத்தி. ஒண்ணே ஒண்ணு. வாங்கும்போது மூணுதான் வாங்கினேங்கா. ஏத்தும்போது, கடவுள் மூணையும் ஒண்ணாப் பாத்தா எது எம் புருஷனோடதுன்னு கொழம்பிருவாரோன்னு பயம் வந்துருச்சு. மத்த ரெண்டையும் மடியில போட்டுக்கிட்டேன்."

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். சவேட்டா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது கடை வாசலில் டெரென்டே வந்து நின்றார். இரண்டு கையிலும் துணிக்கட்டு. இஞ்சின் செத்த பிறகு கயிற்றை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு, படகின் மூக்கைக் காற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தவர் அவர்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. முன்னால் போங்க, முன்னால் போங்க என்று வரிசை அவருக்கு வழிவிட்டது. அவர் போகவில்லை. இவர்கள் இரண்டு பேரையும் பார்த்ததும் கட்டுப்போட்ட கையாலேயே தட்டுத்தடுமாறித் தொப்பியைக் கழற்றினார்.

"உங்க ரெண்டு பேரையும் பாக்கணும்னுதான் இருந்தேன்," என்றார். "ரெண்டாவது நாளு கை மரத்துப் போச்சு. விட்டுரலாம்னு தோணிருச்சு. இந்தப் பயலுகளுக்குக் கரையில ஆளு இருக்கு, எனக்கு யாரு இருக்கான்னு. அப்புறம் யோசிச்சேன். சவேட்டாவும் ஃபெனியாவும் அவங்க ஆளுகளுக்காக வேண்டிக்கும்போது எம் பேரையும் சேத்துத்தான சொல்லுவாங்க, ஒரே படகாச்சேன்னு. அதுல புடிச்சவன்தான், விடல. நீங்க நல்லா இருக்கணும் தாயி."

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். சவேட்டா ஃபெனியாவின் முழங்கையை விடவில்லை.

"சொன்னோம் டெரென்டே," என்றாள் சவேட்டா.

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேருந்தான் அண்ணே," என்றாள் ஃபெனியா.